ஜெரோமுக்கு, சவரத்தைப் பற்றி

என் பிரியமுள்ள ஜெரோம் மச்சான்,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மறுபடியும் தவக்காலம் வந்துவிட்டது. இந்த ஒரு வருஷத்தில் நான் செய்த உருப்படியான காரியம் என்னவென்று கேட்டால் நீ சிரிப்பாய். விதவிதமான ரேசர் வாங்கிச் சவரம் செய்து பார்த்தேன். ஆமாலே, இந்த வயசில்.

என் தங்கச்சி அமலி, உன் பெண்டாட்டி, இத்தனை நாளும் உன் கல்லறைப் பக்கமே போகவில்லை. ஒரு மெழுகுவர்த்திகூடக் கொளுத்தவில்லை. வயிற்றுக் கட்டியை எடுத்து அவள் பிழைத்து வந்ததற்காக, ஈஸ்டர் வரைக்கும் முகத்தில் கத்தி படாது என்று நீ மாதாவுக்கு நேர்ந்திருந்தாய். காலையில் தாடியோடு வேலைக்குப் போனவன், சவப்பெட்டியில் மழுமழுவென்று கிடந்தாய். தனக்காக நேர்ந்ததை நீ முறித்துவிட்டாய், அதனால்தான் போய்விட்டாய் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், மற்றவர்களும் படிப்பார்கள், பொறுத்துக்கொள். துறைமுகத்துக்கு மரத்தடி ஏற்றி வரும் கப்பலின் கிடங்கில் பூச்சி மருந்துப் புகை போடுவார்கள். புகை அடங்கியதா என்று முதலில் இறங்கிப் பார்ப்பது உன் வேலை. இறங்குகிறவனின் மாஸ்க் முகத்தில் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று மேலே நின்று பார்ப்பது என் வேலை. ரப்பர் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே மயிர் இருந்தால் விஷக்காற்று புகுந்துவிடும். அதனால் எல்லாரும் மழுங்கச் சிரைத்துக்கொண்டு வர வேண்டும் என்று காண்டிராக்டர் மாதாமாதம் ரேசர் கொடுப்பார்.

அந்த ரேசரை நினைத்தாலே குமட்டுகிறது. மஞ்சள் பிளாஸ்டிக், உள்ளே இரண்டு பிளேடு. முன்னால் உள்ளது மயிரைப் பிடித்து இழுக்கும், பின்னால் உள்ளது தோலுக்குக் கீழே போய் அறுக்கும். உன்னைப் போல சுருட்டை மயிர்க்காரனுக்கு அறுபட்ட மயிர் உள்ளுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து சீழ் வைத்துவிடும். உன் சட்டைக் காலரில் எப்போதும் சீழும் ரத்தமும் காய்ந்திருக்கும். சூப்பர்வைசரிடம் கழுத்தைக் காட்டினாய். ஏதோ அழுகின மீனைப் பார்ப்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு, "பவுடர் போடுங்க" என்றான். "நேர்ச்சை பாதி மச்சான், கழுத்துக்கு நாப்பது நாள் லீவு பாதி" என்று தாடி விட்டபோது நீ என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

நீ போன பிறகு, கழுத்தைப் புண்ணாக்காத ரேசர் ஒன்றை வெறி பிடித்தமாதிரி தேடினேன். முதலில் அஞ்சு பிளேடு வைத்தது. விளம்பரத்தில் வருகிறவன் கன்னத்தைத் தடவித் தடவிச் சிரிக்கிறானே, அது. இரண்டு பிளேடு செய்த அநியாயத்தை அஞ்சு பிளேடு சேர்ந்து செய்தது, வேறொன்றுமில்லை. தூக்கி எறிந்துவிட்டு, ஒற்றை பிளேடு மாட்டுகிற இரும்பு ரேசர் மூன்று வாங்கினேன்.

ஒன்று சீப்புப் பல் வைத்தது. நன்றாக ஒட்டச் சிரைக்கும், ஆனால் குரல்வளை மேட்டில் கடித்துவிடும். ஒரு வாரம் கழுத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு திரிந்தேன். அடுத்தது, கைப்பிடியைத் திருகினால் மேல்மூடி இரண்டாக விரிகிறது. முகத்துக்கு இதமாக இருந்தது. ஆனால் தாடைக்கு அடியில், மாஸ்க் உட்காரும் அதே இடத்தில், சொரசொரப்பை விட்டுவிடும். போதாததற்கு நம்ம ஊர் உப்புக்காற்றில் பதினைந்தே நாளில் அந்த மூடி துருப்பிடித்து இறுகிப்போனது. மூன்றாவது, மூன்று துண்டாகக் கழற்றிக் கழுவுகிறது, பித்தளைக் கைப்பிடி, நல்ல கனம். அதைத்தான் வைத்திருக்கிறேன்.

அதையும் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரியாமல் எத்தனை கீறல்! அழுத்தவே கூடாது, அதன் கனமே போதும். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போகும், அதனால் ஆற்றுத்தண்ணீர் குழாயில் வரும்போது ஒரு செம்பு பிடித்து வைத்துக்கொள்கிறேன். பிரஷ்ஷால் நன்றாக நுரைக்கவிட்டு, முதலில் மயிர் படிந்த போக்கிலேயே ஒரு தடவை. மறுபடி நுரை போட்டுக் குறுக்கே ஒரு தடவை. கழுத்தில் எதிர்ப்போக்கில் போகவே கூடாது. பிறகு கண்ணாடி பார்க்க மாட்டேன், மாஸ்க்கை மாட்டிப் பார்ப்பேன். இந்த ஒரு சாமான் அன்று உன் கையில் இருந்திருந்தால் கழுத்து ஆறியிருக்குமே, நேர்ச்சையை நீ வேறு எதிலாவது வைத்திருப்பாயோ? தெரியவில்லை.

போன வாரம் ஒன்று நடந்தது. நீ இறங்கின வேலையில் இப்போது முருகேசன் என்று ஒருத்தன் இருக்கிறான், ஆறுமுகநேரிக்காரன். திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்கு மாலை போட்டிருக்கிறான், முகமெல்லாம் தாடி. சிரைக்காமல் இறங்க முடியாது என்றேன்.

"செந்தூரான் கோவிச்சுக்கிடுவான் அண்ணாச்சி. தாடியில வாசலின் தடவி இடுக்கை அடைச்சுட்டு இறங்குதேன். முன்னாடி இங்கன ஒருத்தரு அப்படித்தான் இறங்குனாராம்லா?"

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர், "செக் பண்ணும்போது ஒட்டுனா போதும்ல, விடுங்க" என்றான். நீ செத்த விதம் ஒரு யோசனையாக வாய்க்கு வாய் போய்க்கொண்டிருக்கிறது மச்சான்! எப்படி முடிந்தது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்தானே, வாயைத் திறந்தேனா?

"முருகேசா, அந்த ஒருத்தரு என் மச்சான்டே. வாசலின் டப்பாவை எடுத்துக் கொடுத்தவன் நானு" என்றேன். அன்று நடந்ததை முதல் முறையாக அவனிடம்தான் சொன்னேன். உன் தாடியைப் பார்த்ததும் திருப்பி அனுப்பியிருக்க வேண்டியவன், உதட்டு வெடிப்புக்கு வைத்திருந்த டப்பாவை நீட்டினேன். தாடை நெடுக அப்பிக்கொண்டாய். மாஸ்க் ஒட்டுகிறதா என்று பார்க்க, நான் இரண்டு உள்ளங்கையாலும் அதில் காற்றுப் புகும் வாயை அடைத்தேன், நீ மூச்சை இழுத்தாய், கப்பென்று பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் சிரித்தோம். கிடங்குச் சூட்டில் வியர்வையோடு அது உருகி ஓடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, விரல் பட்டதும் மாஸ்க் வழுக்கிக்கொண்டு போனது.

என் பையிலிருந்த பித்தளை ரேசரை எடுத்து வெளியே வைத்தேன், முருகேசன் அதையே பார்த்தான். அப்புறம், "செந்தூரான் சன்னதில மொட்டை போட்டுக்கிடுதேன், கோவிக்க மாட்டான். அந்தப் பித்தளையக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனான்.

மீதியை அவனிடம்கூடச் சொல்லவில்லை. அதை எழுதத்தான் கை கூசுகிறது.

ஆஸ்பத்திரியில் உன்னைத் துடைத்துக் கோட்டு மாட்டுகிற வேலையை நானே கேட்டு வாங்கினேன். மச்சான்மேல் எவ்வளவு பாசம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். சீ! உன் தாடியெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. யாராவது தொட்டால் என் குட்டு உடைந்துவிடும் என்று பயந்தேன். என் பையில் கிடந்த அந்த மஞ்சள் ரேசரை எடுத்து, நுரை இல்லாமல், வெறும் தண்ணீரில் உன்னைச் சிரைத்தேன். ரத்தம் வராத தோல் கிழிவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கிழிந்த இடத்திலெல்லாம் பவுடர் போட்டேன், சூப்பர்வைசர் சொன்ன மாதிரியே. அமலி உன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்பண்ணே அவிய சிரைச்சாவ?" என்று கேட்டாள். "இறங்குறதுக்கு முன்னாடி" என்றேன். கூட வேலை பார்த்தவர்களும் எனக்காக வாயை மூடிக்கொண்டார்கள்.

இன்று காலையில் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். திட்டுவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்போ அவிய கடைசி வரைக்கும் தாடியோடதான் இருந்தாவளா?"

"ஆமாளா. அவன் முறிக்கல. நான்தான் முறிச்சேன், அவன் செத்த பொறவு."

அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "ஒரு வருசமா என்னைய அவியகிட்டப் பேசவிடாம ஆக்கிட்டியேண்ணே" என்றாள்.

நாளைக்கு அவள் உன்னிடம் வருகிறாள், மச்சான். கூட வர வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டாள், நான் வரவில்லை. அன்று நான் செய்ததை எழுதி ஆபீசில் கொடுக்கிறேன், என்ன ஆனாலும் ஆகட்டும். மாஸ்க் பார்க்கிற வேலை என் கையில் இருக்கிற நாள்வரைக்கும், முகத்தில் மயிரோடு எவனையும் இறங்க விட மாட்டேன், இது உன்மேல் சத்தியம். நீ அவளிடம் நன்றாகப் பேசு. என்னைப் பற்றி அவள் என்ன சொன்னாலும் மறுக்காதே.

அமலியின் அண்ணன்,
நீ இன்னும் அப்படிக் கூப்பிடுவாய் என்றால், உன் மச்சான்,
சூசை