நித்திரையில் போன அப்பாவுக்கு

என்ரை அப்பா,

உங்கள் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். "குடுத்து வைச்ச மனிசன். நோய் நொடியில்லாமல் நித்திரையிலை போட்டார்." முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் நானும் அதையே சொல்லி மனதைத் தேற்றினேன். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. என்ன கொடுப்பினை அது?

உங்கள் குறட்டை எங்கள் வீட்டுப் பெருமை. நெல்லியடிக் கடையைப் பூட்டிவிட்டு வந்து மத்தியானம் படுத்தீர்களென்றால் ஒழுங்கை முனைவரை கேட்கும். இடையில் சட்டென்று நின்றுவிடும். "கொப்பர் முத்துக்குளிக்கப் போட்டார்" என்று அம்மா சொல்ல, தம்பியும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். பிறகு திணறிக்கொண்டு மூச்சை இழுப்பீர்கள். கடையில் இருந்தபடியே தூங்கி விழுவீர்கள். நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிறதென்று தடவிக்கொள்வீர்கள். உழைத்த களைப்பு என்றுதான் நினைத்தோம்.

இந்த வருடம் எனக்கும் நெஞ்சு படபடத்தது. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர், துடிப்பு தாளம் தப்புகிறது என்றார். வீட்டில் யாராவது பெரிதாகக் குறட்டை விடுவார்களா என்று கேட்டார். உங்களைப் பற்றிச் சொன்னேன்.

"நித்திரையிலை மூச்சு அடைபடுறதும் உந்தத் துடிப்புக் குழப்பமும் கனபேருக்குச் சேர்ந்து வரும், அக்கா. ரெண்டுக்கும் பரம்பரையிலை பொதுவான வேர் இருக்கலாமெண்டு ஆராயினம். அப்பாவுக்கு என்ன நடந்ததெண்டு என்னாலை சொல்லேலாது. ஆனால் தம்பியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

தம்பிக்கும் அதே குறட்டை, அப்பா. இடையில் நிற்பதும் அப்படியே. அவன் வர மறுத்தான். வல்வெட்டித்துறையில் அவனுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்த நேரம் அது.

"கலியாணம் முடியட்டும், அக்கா. இப்ப போனால் வருத்தக்காரனெண்டு கதை பரவும்."

அம்மா என்னில் பாய்ந்தார். "உனக்கென்ன விசரே? சாதகம் பொருந்தி வந்த இடம். வாயைத் திறவாதை!"

கிரகம் எங்கே நிற்கிறது என்று துருவித் துருவிப் பார்ப்போம். இரத்தத்தில் வருவதை மட்டும் மூடி மறைப்போம். எந்த ஊர் நியாயம் இது?

நான் வாயைத் திறந்தேன். பெண்ணின் தாயிடம் நேரே போய் எல்லாவற்றையும் சொன்னேன். தேத்தண்ணி தந்தார். "சொன்னது நல்லது, பிள்ளை" என்றார். அடுத்த கிழமை தம்பியின் சாதகம் திரும்பி வந்தது; சம்பந்தம் குழம்பிற்று.

மறைக்க இனி ஒன்றுமில்லை என்றான பிறகுதான் தம்பி பரிசோதனைக்குப் போனான். போகும்போது வாசலில் நின்று, "இப்ப உனக்குச் சந்தோசமே?" என்று கேட்டான். மூச்சு அடைபடுவது, துடிப்புக் குழப்பம், அவனுக்கு இரண்டுமே இருந்தன. டொக்டர், "நல்ல நேரத்திலை வந்தியள்" என்றார்.

இப்போது துடிப்புக்குக் குளிசை போடுகிறான். படுக்கும்போது மூச்சுக்கு ஒரு மெசின், முகத்தில் மூடி. நேற்று மத்தியானம் பார்க்கப் போனேன். அம்மா கதவைத் திறந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். தம்பி அயர்ந்து தூங்கினான். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உங்கள் கட்டிலடியிலும் அன்றைக்கு யாராவது நின்றிருந்தால்? அழுகையை அடக்க முடியவில்லை, அப்பா. சத்தம் கேட்டு விழித்தவன் என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வாசலில் அந்தக் கேள்வி கேட்ட நாளிலிருந்து அவன் என்னோடு கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் போகட்டும். என்னோடு கதைக்காமலே அவன் கிழவனாகட்டும். காலத்துக்கு முந்தி, வேளைக்கு அவனை உங்களிடம் அனுப்பமாட்டேன், உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் மூத்த பிள்ளை,
அவனுடைய அக்கா