மொட்டைமாடிக்கு விழுந்த ஒரே ஓட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாளா? நான் நலம்.

பல வீடியோ கேம்களின் வீரர்களை ஒன்றாக மோதவிடும் சண்டை கேம் ஒன்றை எங்கள் அலுவலகம் செய்கிறது என்றேனே, அதில் சண்டை நடக்கும் களங்களில் ஒன்று நான் வரைந்தது. நம் மொட்டைமாடிதான், கொடியில் அம்மாவின் புடவைகள்கூடக் காய்கின்றன. வெளியிடும் முன் களங்களைப் பார்க்கும் ரசிகர்களின் கருத்துகளையும் ஓட்டுகளையும் தொகுக்கும் வேலையும் என் தலையில்தான். எந்த வீரன் பெரியவன் என்று ஒருவரையொருவர் திட்டித் தீர்ப்பவர்கள், மாடி என்றதும் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள்.

“சண்டை போட வந்தோமா, துணி எடுக்க வந்தோமா?” என்று ஒருவர்.

“புடவைக்குப் பின்னால எவன் நிக்கிறான்னே தெரியல” என்று இன்னொருவர்.

பிடித்திருக்கிறது என்று ஒரே ஓட்டு. மேலாளர் சிரித்தார். “யாரும்மா அந்தப் புண்ணியவான்? சரி, மாடியைத் தூக்கிடு.”

நானும் சிரித்தேன். ஊழியர்கள் ஓட்டுப் போடக்கூடாது, போட்டது நான்தான். மாலைக்குள் என் கையாலேயே மாடியை அழித்தேன். பிரதி எடுத்துக்கொள்ள அனுமதியில்லை.

இதற்கெல்லாம் வருந்தாதீர்கள். மாடியைப் படமெடுத்து அனுப்புங்கள். அம்மா துணிகளை மடித்துவிடுவதற்குள் எடுங்கள். அலுவலக வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்