கடலில் விழாத மஞ்சள் பந்து

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சுகமாக இருப்பது போனில் உன் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, ஆனாலும் கடிதம் என்று உட்கார்ந்தால் அதைக் கேட்காமல் பேனா நகரமாட்டேன் என்கிறது. குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, உன் அம்மாவுக்கும் குழாய் ரிப்பேர்காரருக்கும் மறுபடியும் சண்டை, இந்த முறையும் அம்மாதான் ஜெயித்தாள், குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. கடை எப்போதும் போல. குட்டிப் பயல் டிவிக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு உட்காருகிறான் என்றாயே, அதைச் சாதாரணமாக விட்டுவிடாதே, கண்ணைக் காட்டு. கண்ணாடிக் கடைக்காரன் பேரன் கண்ணாடி போட்டால் ஊர் சிரிக்காது. போன் இருக்கும்போது அப்பா ஏன் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே “பரவாயில்லப்பா, விடுங்க” என்று சொல்லிவிடுவாய். உன்னைப் பேசவிடாமல் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விஷயம் உன் மாமனாரைப் பற்றியது. இல்லை, என்னைப் பற்றியது. அவருக்குக் கண்ணோடு கையும் போய்விட்டது, இனி அப்பாவையும் அம்மாவையும் தனியே விடக்கூடாது, வீட்டை விற்றுவிட்டு இருவரையும் அங்கேயே அழைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை ஏற்பாடு செய்கிறார் என்று உன் அம்மா சொன்னாள். சம்பந்தி தனக்கு ஒன்றுமில்லை என்று போனில் எத்தனை சொல்லியும், நம்மைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறார் என்று மாப்பிள்ளை நம்பவில்லையாம். அம்மாடி, அவர் கைக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லை. கை போய்விட்டது என்று அவரை நம்பவைத்தது நான். எப்படி என்று சொல்கிறேன், படித்துவிட்டு மாப்பிள்ளைக்கும் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு.

நானும் சம்பந்தியும் ஞாயிறு காலையில் கோல்ஃப் ஆடப் போவது உனக்குத் தெரியும், ஆனால் நீ அந்த மைதானத்துக்கு வந்ததில்லை. கடலோரப் பாறை முகட்டின்மேல் புல்வெளி, மொத்தம் ஒன்பது குழி, எங்கே நின்றாலும் ஒரு பக்கம் கடல். யார் குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுகிறாரோ அந்தக் குழி அவருக்கு, கடைசியில் அதிகக் குழி யாருக்கோ அவர் ஜெயித்தவர், அவ்வளவுதான் விளையாட்டு. நடுவர் கிடையாது, அவரவர் வாயால் சொல்வதுதான் கணக்கு. அவருடைய கண் நோய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், எதை நேராகப் பார்க்கிறாரோ அது அழிந்துபோகும், ஓரத்தில் இருப்பது மட்டும் தெரியும். என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதைப் பார்ப்பார். என் கடையில் எழுத்து அட்டைக்கு முன்னால் உட்காரவைத்து அதை முதலில் கண்டுபிடித்தவனே நான்தான். அப்புறம் தன் பல் ஆஸ்பத்திரியை மூடினார், கார் ஓட்டுவதை விட்டார், பேப்பர் படிப்பதை விட்டார். இந்த விளையாட்டை மட்டும் விடவில்லை. காலடியில் இருக்கும் பந்தைக் கொஞ்சம் தலையைச் சாய்த்தால் பார்த்துவிடுவார், அதிலும் மஞ்சள் பந்தாக இருந்தால் நன்றாகத் தெரியும். குழிக்கு அடையாளமாக நட்ட கொடி எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டும், அடித்த பந்து எங்கே போனது என்றும் நான் சொல்ல வேண்டும். அடித்த உடனே “எங்க போச்சு சம்பந்தி?” என்பார். நான் சொல்வதுதான் அவருக்குப் பார்வை.

அப்படிப்பட்டவரிடம் நான் இத்தனை நாளில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. சிரிக்காதே. முப்பது வருஷம் அடுத்தவர் வாய்க்குள் விரலை விட்டு வேலை செய்த கை அது, மட்டையில் பந்து பட்டதும் அது சரியா தப்பா என்று அந்தக் கைக்கே தெரிந்துவிடும். எனக்குக் கண் இரண்டும் பளிச்சென்று இருந்து என்ன பிரயோஜனம்? அங்கே ஆட வருகிறவர்களில் ஏலக் கம்பெனியில் கூவிக் கூவி ரிடையரான ஒருவர் இருக்கிறார், எல்லோரும் ஒலிபெருக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வாரமும் மைதானத்து டீ ரூமில் அத்தனை பேர் காதிலும் விழும்படி, “என்ன கண்ணாடிக்காரரே, இன்னைக்கும் போச்சா?” என்பார். நானும் சிரித்துவைப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுவேன்.

நான் சொல்ல வந்த அந்த ஞாயிறு வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது, காற்றே இல்லை. முதல் குழி டீ ரூம் ஜன்னலுக்கு எதிரே, எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற நினைப்பிலேயே என் பந்து வேலிச் செடிக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது, குழி அவருக்கு. இரண்டாவது மேட்டில் ஏறுகிற குழி, இருவருக்கும் ஒரே கணக்கு. மூன்றாவதில் மணல் பள்ளத்தில் மாட்டிக்கொண்டேன், கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடி அடித்தேன், பந்து தானாக உருண்டு குழிக்குள் போய் உட்கார்ந்தது, எனக்கே நம்பிக்கை வரவில்லை. நான்காவது பாறை விளிம்பை ஒட்டியே போகும், அங்கே அவர் பந்து விளிம்பைத் தாண்டிக் கீழே போனது. கேட்டார், கடல் என்று சொன்னேன், அது உண்மை. “ஆமா, கையில படும்போதே தெரிஞ்சுது” என்று அவரும் சிரித்தார். அந்தக் குழியும் எனக்கு. ஐந்தாவது இறக்கத்தில் கடல் மொத்தமும் முன்னால் விரியும், அங்கே அவர் எப்போதும் நின்று இன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது என்று கேட்பார், நான் சொல்வேன். கரையோரம் பச்சை, தள்ளி நீலம், தூரத்தில் ஒரு கப்பல் அசையாமல் நிற்கிறது என்று சொன்னேன். நன்றாகப் பார்த்துவிட்டவர் மாதிரி தலையாட்டினார். அந்தக் குழி சமம்.

ஆறாவதில்தான் என் புத்தி கெட ஆரம்பித்தது. அவர் பந்து குழியிலிருந்து நல்ல தூரத்தில் நின்றது. அப்படி நின்றால் நான் கொடிக் கம்பைக் குழிக்குள் டொக் டொக்கென்று தட்டுவேன், அந்தச் சத்தத்தைப் பார்த்து உருட்டுவார், அது எங்கள் வழக்கம். தட்டினேன். பந்து பாம்பு மாதிரி வளைந்து வந்து என் கையடியிலேயே குழிக்குள் விழுந்தது. நான் அவரை முந்தியிருந்த ஒரு குழியும் போய்ச் சமமாகிவிட்டது. எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஒலிபெருக்கி அங்கிருந்தே, “கண்ணையும் குடுத்து, கொடியையும் தட்டிக் குடுத்து, தோத்தும் போறீங்களே கண்ணாடிக்காரரே! கூலி எவ்வளவு?” என்று கத்தினார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

ஏழாவது குழிதான் அந்த மைதானத்திலேயே அழகு. இந்தப் பாறையில் நின்று அடிக்க வேண்டும், கொடி எதிர்ப் பாறையில், நடுவே கிடுகிடு பள்ளம், கீழே அலை. தாண்டினால் தாண்டியது, இல்லையென்றால் கடல். முதலில் அவர் அடித்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பந்து அலுங்காமல் குலுங்காமல் பறந்து போய் எதிர்ப் பக்கம் இறங்கி, இரண்டு தத்துத் தத்தி, கொடியை ஒட்டி நின்றது. அவர் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி, என் காதைப் பார்த்து, “எங்க போச்சு சம்பந்தி?” என்றார். நான் வாய் கூசாமல் கடல் என்றேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. “கடலா? நல்லா பட்டுச்சே” என்றார். கொஞ்சம் சறுக்கிவிட்டது என்றேன். காற்றா என்று கேட்டார். காற்றுதான் என்றேன், அங்கே ஒரு புல் அசையவில்லை. அவர் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம், நான் என் பந்தை வைத்து அடித்தேன், அது எப்படியோ பள்ளத்தைத் தாண்டிவிட்டது. அவர் இன்னொரு பந்து வைத்து அடித்தார், அது நிஜமாகவே கடலில் விழுந்தது. கொடியை எடுக்கிறேன் என்று சாக்குச் சொல்லி நான் முன்னால் ஓடினேன். மஞ்சள் பந்து புல்லில் கிடந்தது. குனிந்து எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஐம்பத்தொன்பது வயசு, பேரன் எடுத்தாகிவிட்டது, திருடன் மாதிரி திரும்பிப் பார்த்துக்கொண்டு எடுத்தேன். எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் அவர் ஆடியது ஆட்டமே இல்லை, மட்டையைப் பிடிக்கவே யோசித்தார். நான் ஜெயித்தேன். டீ ரூமில் அவர் எழுந்து நின்று, “இன்னைக்கு என் சம்பந்தி என்னை ஜெயிச்சிட்டார், நியாயமா ஜெயிச்சார்” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார், எல்லோரும் கைதட்டினார்கள். நியாயமா என்ற அந்த ஒரு வார்த்தையை அவர் சேர்க்காமல் இருந்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. மட்டைப் பையைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார் என்று சம்பந்தியம்மா போன் செய்து உன் அம்மாவிடம் அழுதார்களாம். “கண்ணு போனப்ப கை இருக்குன்னு தைரியமா இருந்தேன், இப்ப கையும் பொய் சொல்லுது” என்றாராம். சட்டைப் பித்தானைப் போட்டுவிடச் சொல்கிறாராம், டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறாராம், மாடிப்படி ஏறமாட்டேன் என்கிறாராம். இதெல்லாம் கேட்டும் நான் சும்மா இருந்தேன், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உன் அம்மா என் கால்சட்டையைத் துவைக்க எடுத்தபோது பந்து கிடைத்திருக்கிறது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. “அவர் பந்து உங்ககிட்ட இருக்கே, பாவம் தேடுவார், நான் போய்க் குடுத்துட்டு வரேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசல்வரை ஓடிப் போய் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். நானே கொடுக்கிறேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

அவர் முன்னறையில், பழைய ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து போட்ட அந்தச் சாய்வு நாற்காலியில், பல் பிடுங்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பந்தைக் கையில் வைத்தேன். உருட்டிப் பார்த்துத் தன்னுடையது என்று தெரிந்துகொண்டார், எங்கே கிடைத்தது என்று கேட்டார். சொன்னேன். ஏன் சொன்னேன் கடல் என்று, எப்படி எடுத்தேன், எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். “கொடியிலேர்ந்து எவ்வளவு தூரம்?” என்றார். கை நீட்டினால் எட்டும் தூரம் என்றேன். அவர் கையை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அப்புறம் அடுக்களைப் பக்கம் திரும்பி, “ஏய், என் கை நல்லாத்தான் இருக்கு!” என்று கூப்பிட்டார். சம்பந்தியம்மா ஈரக் கையோடு ஓடிவந்தார்கள், ஒன்றும் புரியாமல் அவர் சிரிப்பதைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள். எனக்குத் தானே டீ ஊற்றிக் கொடுத்தார், ஒரு சொட்டு சிந்தவில்லை.

வாசல்வரை கூட வந்தார். “வீட்டுக்கு எப்பவும் போல வாங்க, போங்க, நம்ம உறவுல ஒரு குறையும் வராது. ஆனா மைதானத்துல ஆட வேற ஆளைப் பாத்துக்கறேன். பந்து எங்க போச்சுன்னு கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் நான் இருட்டுல நிக்கறேன் சம்பந்தி. அங்க இனிமே உங்களை நம்பி என்னால நிக்க முடியாது” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்தாவது சமாதானம் செய்திருப்பேன்.

இப்போது ஒலிபெருக்கியோடு ஆடுகிறார். பந்து எங்கே போனது என்று அந்த மனுஷன் கத்துவது டீ ரூம்வரை கேட்கிறது. நான் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறேன். போன வாரம் ஒலிபெருக்கி என்னிடம் வந்து, முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, வலி தேவலையா என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. புல் வெட்டுகிறவரும் கேட்டார், டீ ரூம் அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலை நீட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அப்புறம்தான் தெரிந்தது, ஏன் சம்பந்தியோடு ஆடவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் அவர், “பாவம், அவருக்கு முழங்கால் பிடிச்சுக்கிச்சு, ஏறி இறங்க முடியல” என்று சொல்லிவைத்திருக்கிறார். விளையாட்டில் ஒரு அடியைக்கூடக் குறைத்துச் சொல்லாத மனுஷன், எனக்காக ஊரெல்லாம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் பரவாயில்லை, குறைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிறேன், கூனிக் குறுகிப் போகிறது எனக்கு. நேற்று போனில் நீயும் கேட்டாயே, அவர் உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். தைலம் அனுப்புகிறேன் என்றாய், மாப்பிள்ளை அங்கே நல்ல டாக்டரை விசாரிக்கிறார் என்றாய். அனுப்பாதே அம்மா, விசாரிக்கவும் வேண்டாம். என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை.

வீட்டை விற்கும் பேச்சை மட்டும் உடனே நிறுத்தச் சொல். மாப்பிள்ளை என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் அது சரிதான், நீ குறுக்கே நின்று எனக்காகப் பேசாதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரையொருவர் நம்பி, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். குட்டிப் பயல் கண்ணைக் காட்ட மறந்துவிடாதே.

உன் அப்பா