தொகுதி ஏழு டிஸ்க்குகள் திரும்பப் பெறப்படுகின்றன

வலம்புரி கப்பல், காவல் குறிப்பேடு
இருபத்திரண்டாம் காவலர்: ச. நிறைமதி

காவல் நாள் 41. காலை 7:10

அடுக்கில் இருபத்திரண்டு ஹார்டு டிஸ்க்குகள். இருபத்திரண்டும் ஓடுகின்றன. பச்சை விளக்குகளை விரல் வைத்து எண்ணினேன், விதி அப்படி. உறைதூக்க அறையின் குளிர் சரி. காற்று சரி. கீரைத் தொட்டியில் மூன்றாவது வரிசை முளைத்துவிட்டது.

குறிப்பேட்டை யார் எடுத்துப் படித்தாலும் புரிய வேண்டும் என்கிறது விதி ஒன்பது. ஆகவே எழுதுகிறேன். சனிக்கோளின் நிலவான டைட்டனுக்குப் போகும் இந்தக் கப்பலில் இருபத்து மூன்று பேர். ஒருவர் நூற்றிருபது நாள் விழித்திருந்து காவல் பார்ப்பார். மற்றவர்கள் உறைந்து தூங்குவார்கள். அந்தக் குளிரில் உடல் கெடாது, நினைவு அழிந்துவிடும். அதனால் தூங்குவதற்கு முன் ஒவ்வொருவரின் நினைவும் ஒரு டிஸ்க்கில் எடுத்து வைக்கப்படுகிறது. எழுப்பும்போது திரும்ப ஊற்றப்படுகிறது. ஒருவருக்கு ஒரு நினைவு என்பது சட்டம். நகல் எடுப்பது குற்றம்.

பூமிக் கணக்கில் எனக்கு இருபத்திரண்டு வயது. உடல் கணக்கில் பதினைந்து. இன்னும் பத்தாம் வகுப்புப் பாடம்தான் படிக்கிறேன்.

எனக்கு அடுத்த, கடைசிக் காவலர் சந்தனமாரி. எஞ்சின் பொறியாளர். என் அம்மா. நாள் 120 அன்று எழுவார். நாள் 125 அன்று நாங்கள் இருவரும் சேர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெம்புகோல்கள் இரண்டும் பதினெட்டு மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும், ஒரே ஆளால் முடியாது. வேகம் குறையாவிட்டால் டைட்டனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்போம். நெம்புகோல் பயிற்சியை நாள் 30-இலேயே முடித்துவிட்டேன்.

அம்மா எழ இன்னும் எழுபத்தொன்பது நாள்.

காவல் நாள் 41. பிற்பகல் 2:25

பூமியிலிருந்து ஓர் அறிவிப்பு. டிஸ்க் நிறுவனம் அனுப்பியது. அப்படியே எழுதுகிறேன்.

"வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு. எங்கள் தொகுதி ஏழு டிஸ்க்குகள் 62,000 மணி நேரம் ஓடியபின் நிரந்தரமாக நின்றுவிடுவது தெரியவந்துள்ளதால் அவை திரும்பப் பெறப்படுகின்றன. அடுக்கில் உள்ள அனைத்து டிஸ்க்குகளையும் உடனே அணைத்து, மீதமுள்ள மணி நேரத்தைச் சேமிக்கவும். பின்னர் ஒவ்வொன்றாக இயக்கி, வேறு நிறுவன டிஸ்க்கில் நகல் எடுக்கவும். இதற்கு மட்டும் சட்ட விலக்கு உண்டு. சிரமத்திற்கு வருந்துகிறோம்."

டார்ச் அடித்து ஒவ்வொரு டிஸ்க்கின் பக்கவாட்டையும் பார்த்தேன். எல்லாம் தொகுதி ஏழு. ஓடிய நேரம் 61,454 மணி. மீதி இருபத்திரண்டு நாளும் பதினெட்டு மணி நேரமும். அம்மா எழும் நாளுக்குப் போதாது.

காவல் நாள் 41. பிற்பகல் 2:41

இருபத்திரண்டையும் அணைத்துவிட்டேன். அறிவிப்பு வந்து பதினாறே நிமிடம். ஏழு ஆண்டு ஓடிய இரைச்சல் நின்றதும் காது அடைத்தது போல் இருந்தது. பூமிக் கட்டுப்பாட்டு அறைக்கு "முடிந்தது" என்று செய்தி அனுப்பினேன்.

காவல் நாள் 41. மாலை 4:00

பக்கத்துக் கப்பல் இடம்புரியில் இப்போது பெனிட்டா காவல். என் வயது. குரல் போய்ச் சேர மூன்று விநாடி ஆகும் தொலைவு. அவளுக்கும் அதே அறிவிப்பு போயிருக்கிறது.

"ஏட்டி கிளாஸ் லீடர், அதுக்குள்ள அணைச்சிட்டியா? மனுசி சோறு திங்கதுக்குள்ள முடிச்சிட்டு வந்து நிக்கா பாரு."

உடனே செய்யச் சொல்லியிருக்கிறார்கள், நீ ஏன் செய்யவில்லை என்று கேட்டேன்.

"நகல் எடுக்கணும்னா லைப்ரரிய அழிக்கணும்லா? அதுல நான் பாக்காத படம் எழுவது கெடக்கு. இருவது நாளு இருக்குட்டி. ரெண்டு படம் பாத்துட்டு அணைக்கேன்."

அவள் கப்பலில் பத்தொன்பது பேர் தூங்குகிறார்கள். அவளுடைய அப்பாவும் அதில் ஒருவர். அதைச் சொன்னேன்.

"எங்கப்பா இத்தன வருசம் தூங்குனவரு. இன்னும் நாலு நாளு தூங்கட்டும்."

காவல் நாள் 42. இரவு 9:30

நூலகத்தின் எட்டு டிஸ்க்குகளும் வேறு நிறுவனத்தவை. ஒன்றில் மூன்று பேர் கொள்வார்கள். நான்கு லட்சத்துப் பதினோராயிரம் நூல்கள் இருந்தன. அழித்துவிட்டேன்.

அழிப்பதற்கு முன் அகராதியையாவது கையால் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. 'அ' எழுத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். 'அகங்கை', அதாவது உள்ளங்கை, என்ற சொல் வரை. அதற்குமேல் எழுதுவது நேரத்தை வீணாக்குவது.

நூல்களை மறுபடி எழுதிக்கொள்ளலாம். மனிதர்களை முடியாது.

காவல் நாள் 43. மாலை 6:15

காலியான எட்டு டிஸ்க்குகளையும் இரண்டு முறை சோதித்தேன். அறிவிப்பு ஒரு முறை போதும் என்கிறது.

பெனிட்டா இன்னும் அணைக்கவில்லை. மூன்று முறை நினைவூட்டினேன். மூன்றாவது முறை கொட்டாவிதான் பதிலாக வந்தது. கட்டுப்பாட்டு அறைக்கு அவளைப் பற்றிப் புகார் அனுப்பினேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அது என் கடமை.

காவல் நாள் 44. காலை 9:00

நகல் எடுக்கத் தொடங்குகிறேன். அகர வரிசைதான் நியாயம். முதலில் எனக்குக் கணக்குச் சொல்லித்தந்த அகல்யா டீச்சர். அம்மா பதினொன்றாவது.

காவல் நாள் 44. காலை 9:20

அகல்யா டீச்சரின் டிஸ்க் சுழலவில்லை. டக், டக் என்று இரண்டு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. கம்பியை மாற்றினேன். அதே இரண்டு சத்தம்.

இரண்டாவது சுழலவில்லை. மூன்றாவதும் சுழலவில்லை.

அதற்குப் பிறகு வரிசையை விட்டேன். அம்மாவுடையதை எடுத்தேன்.

டக், டக்.

காவல் நாள் 44. காலை 10:05

இருபத்திரண்டும் அப்படித்தான்.

மோட்டார் இறுகியிருக்க வேண்டும். விசிறி இறுகினால் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் ஓடும். இயற்பியல் பாடத்தில் படித்திருக்கிறேன். முதல் அசைவுக்குத்தான் அதிக விசை வேண்டும். ஒரு டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். மற்றவர்களுடையதைத் தொட எனக்கு உரிமை இல்லை. அம்மாவுடையதை மட்டும் திறந்தேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிக்கொண்டேன். உள்ளே கண்ணாடி போன்ற தட்டு. என் முகம் தெரிந்தது. சுட்டுவிரலால் மெல்லச் சுற்றினேன்.

சுழன்றது. கிறீச்சென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

காவல் நாள் 44. காலை 10:40

இரண்டாவது அறிவிப்பு.

"முந்தைய அறிவிப்பில் ஒரு திருத்தம். 60,000 மணி நேரத்தைத் தாண்டிய டிஸ்க்குகளை எக்காரணம் கொண்டும் அணைக்க வேண்டாம். அணைத்தால் மோட்டார் மீண்டும் சுழலாது. ஓடும் நிலையிலேயே நகல் எடுக்கவும். முந்தைய அறிவிப்பை இன்னும் செயல்படுத்தாதவர்கள் அதைப் பொருட்படுத்த வேண்டாம்."

செயல்படுத்தியவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. மேலிருந்து கீழாக நான்கு முறை படித்தேன்.

காவல் நாள் 44. காலை 10:43

பெனிட்டாவைக் கூப்பிட்டு "அணைக்காதே, அணைக்காதே" என்று கத்தினேன். பதில் வரும் ஆறு விநாடியும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னட்டி கத்துத? நீ போட்டுக் குடுத்ததுல கண்ட்ரோல் ரூம்காரரு காலையிலயே என்னைய ஏசிட்டாரு. சரி, அணைச்சுத் தொலைப்போம்னு இப்பதான் சுவிட்சில கைய வச்சேன்."

சொன்னேன். அவள் பின்னால் டிஸ்க்குகள் ஓடும் இரைச்சல் கேட்டது.

"ஏட்டி," என்றாள். "ஒங்கம்மாது?"

ஒலிவாங்கியை அணைத்துவிட்டேன்.

காவல் நாள் 47. காலை 8:00

என் கேள்விகளுக்கு டிஸ்க் நிறுவனத்தின் பதில்.

"அன்பார்ந்த நிறைமதி அவர்களுக்கு. எங்கள் அறிவுரையை இவ்வளவு விரைவாகச் செயல்படுத்தியதற்கு நன்றி. நின்றுபோன டிஸ்க்குகளைப் பற்றிக் கவலை வேண்டாம். டைட்டனில் உள்ள தூசியற்ற கூடத்தில் மோட்டாரை மாற்றி, நினைவுகளை முழுமையாக மீட்க முடியும். ஒரே நிபந்தனை: டிஸ்க் திறக்கப்பட்டிருக்கக் கூடாது. திறக்கப்பட்ட டிஸ்க்கில் தட்டை விரல் தொட்டிருந்தால் மீட்பு இயலாது. அதற்கு உத்தரவாதமும் செல்லாது. எங்கள் சேவையை ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பிடுவீர்கள்?"

இருபத்தொரு பேரை மீட்கலாம்.

கை கழுவியதையும் எழுதி அனுப்பினேன். இரண்டு முறை கழுவினேன் என்று. அதற்குப் பதில் வரவில்லை.

காவல் நாள் 52. மாலை 5:00

இடம்புரியில் பத்தொன்பது நகலும் முடிந்துவிட்டன. பெனிட்டா அழுதுகொண்டே சொன்னாள். தன் சோம்பேறித்தனத்துக்கு மன்னிப்புக் கேட்டாள். வாழ்த்துகள் என்றேன்.

என் கப்பலில் ஒரே ஒரு நகல் எடுத்தேன். காவலரின் டிஸ்க் அடுக்கில் இராது. காவல் மேசையில் ஓடும். ஞாயிறுதோறும் தொப்பி அணிந்து படுத்தால் அந்த வாரம் அதில் பதிவாகும். அறிவிப்பு 'அடுக்கில் உள்ள' என்றதால் என்னுடையதை அணைக்கவில்லை. எதையும் சொன்னபடியே செய்பவள் நான். நகலில் பிழை பூஜ்யம்.

நான்கு லட்சத்துப் பதினோராயிரம் நூல்கள் இருந்த இடத்தில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.

காவல் நாள் 59. ஞாயிறு

தொப்பி அணியவில்லை. போன ஞாயிறும் அணியவில்லை. அதற்கு முந்தியதும்.

காவல் நாள் 88. நேரம் பார்க்கவில்லை

கட்டுப்பாட்டு அறையிலிருந்து:

"நிறைமதி, நல்லாக் கேட்டுக்கம்மா. நாள் 125-க்கு ரெண்டாவது ஆள் கட்டாயம் வேணும். நினைவு ஊத்தாம எழுப்புனா அந்த உடம்பு மூச்சு விடும், அவ்வளவுதான். உங்கிட்ட ஊத்துறதுக்கு இருக்கிறது ஒரே நினைவு, உன்னோடதுதான். யார் உடம்புல ஊத்துனாலும் அந்த ஆளுக்கு அப்புறம் அவங்க நினைவத் திருப்பி ஊத்த முடியாது. வேற ஆளோட நினைவு ஒரு தடவை எறங்கிட்டா, அந்த உடம்பு சொந்த நினைவ மறுபடி ஏத்துக்காது. யாருன்னு நீயே முடிவு பண்ணு. நாங்க சொல்லக் கூடாது."

யார் என்று நான் முடிவு செய்ய என்ன இருக்கிறது? இருபத்தொரு பேருக்குத் திரும்பி வர நினைவு இருக்கிறது. ஒருவருக்குத்தான் இல்லை. சின்னக் கழித்தல் கணக்கு. அகல்யா டீச்சர் இருந்தால் விடைக்கு முழு மதிப்பெண் போடுவார்.

காவல் நாள் 103

அம்மாவின் பெட்டிக்கு முன்னால் சாப்பிடுகிறேன். கீரை முற்றிவிட்டது.

அம்மா, இந்தக் குறிப்பேடு உனக்காகத்தான் எழுதியது. கையெழுத்தைப் பார்த்துத் திட்டுவாய் என்று முதல் நாற்பது நாளும் அழகாக எழுதினேன்.

காவல் நாள் 119. மாலை 6:00

பெனிட்டா கேட்டாள்.

"எந்த ஒன்னைய ஊத்தப் போற? எல்லாம் தெரிஞ்சவளயா?"

இல்லை. டிஸ்க்கில் இருப்பது நாள் 38 வரைக்குமான நான். ஞாயிற்றுக்கிழமை தொப்பி அணிந்து கண்ணை மூடியவள். அறிவிப்பைப் பார்க்காதவள். எதையும் அணைக்காதவள். இன்று தொப்பி அணிந்தால் மீதியும் அதில் சேரும். சேர்க்க மாட்டேன். நெம்புகோல் இழுக்க அவளுக்குத் தெரியும். அது போதும்.

"அவ கண்ண முழிச்சி ஒன்னையப் பாத்தா என்ன செய்வா?"

தெரியாது என்றேன்.

"ஏட்டி, அது ஒங்கம்மா இல்ல, கேட்டியா? குரல் அவங்க மாதிரியேதான் இருக்கும். ஏமாந்துறாத."

எனக்குத் தெரியும் என்றேன். தெரியும்.

காவல் நாள் 120. காலை 7:10

அடுத்த காவலர் எழுப்பப்பட்டார். ஊற்றி முடிக்க நான்கு மணி நேரம் ஆனது. பிழை பூஜ்யம். இதயத் துடிப்பு சரி. மூச்சு சரி.

7:31

உதட்டை உள்ளே மடித்துக் கடித்தார். அது நான் செய்வது. அம்மா ஒருநாளும் செய்ததில்லை.

7:44

கண் திறந்தது. முகத்தில் விழுந்த முடியை ஒதுக்க இடது கை மேலே வந்தது. அம்மாவின் கை. கட்டைவிரலுக்குக் கீழே எஞ்சின் குழாய் சுட்ட தழும்பு இருக்கிறது. அந்தக் கை தன் முகத்துக்கு நேரே வருவதைப் பார்த்ததும் கண் இன்னும் பெரிதாகத் திறந்தது.

"எம்மா! வந்துட்டியா?"

வலது கையால் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"நாளு எண்ணிக்கிட்டே கெடந்தேன்மா. எல்லாத்தையும் சரியா வச்சிருக்கேன். போய்ப் பாரு."

7:52

இன்னும் கையை விடவில்லை. அதற்கு முத்தம் கொடுக்கிறார்.

நான் கட்டிலுக்குப் பின்னால், அவர் கண்ணில் படாத இடத்தில் நிற்கிறேன்.