லென்னார்ட்டை மேடேற்றுகிறேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டி வலி தேவலையா? நான் நலம். சர்க்கரை மட்டும் எல்லையைத் தொட்டிருக்கிறது, பயப்படாதீர்கள். நாளெல்லாம் உட்கார்ந்து பஸ் ஓட்டினால் வேறென்ன வரும்? சுகாதார நிலையத்து நர்ஸ் குனில்லா மாத்திரைக்குப் பதிலாக நடையை எழுதிக்கொடுத்து, துணைக்கு ஓர் ஆளையும் சேர்த்துவிட்டாள். யார் தெரியுமா? நடுக்கோடைத் திருநாளுக்கு உங்களைப் பார்க்க ஃபின்லாந்து வர லீவு கேட்டபோது, ஆள் பற்றாது என்று மறுத்த எங்கள் மேலாளர் லென்னார்ட். அவனுக்கும் சர்க்கரை. தொப்பை என்னுடையதைப் போல் இரு மடங்கு.

விடுவேனா? தினமும் பனிச்சறுக்கு மேட்டுக்கே இழுத்துப்போகிறேன். நேற்று பாதி வழியில் நின்றுவிட்டான்.

"மெதுவாப் போப்பா, மூச்சு பத்தல."

"திருநாளுக்கு ஆள் பத்தலன்னீங்க, இப்ப மூச்சு பத்தலையா? நடங்க சார்."

மூன்று மாதம் வதைத்த பலன் இன்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. எனக்குச் சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது, அவனுக்கோ மளமளவென்று இறங்கிவிட்டது. பாவி, இனி தொண்ணூறு வயது வரை இருப்பான்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி அனுப்புங்கள். ஒன்று பெரிய அளவில் இருக்கட்டும். கால் விறைக்கிறது என்று சொல்லி அவன் நழுவிவிடக் கூடாது.

இதோ, கதவைத் தட்டுகிறான். இந்த சுவீடனில் என் கதவைத் தட்ட வேறு யார் இருக்கிறார்கள்?

உங்கள் மகன்,
தாவ்னோ