நீ அணைத்துவைத்த எச்சரிக்கை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஒழுங்காக உடுத்திக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். சுகம் விசாரிக்கிற பகுதி இதோடு முடிந்தது. இனி எழுதப்போவதெல்லாம் கோபம்தான், அதனால் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து படி. போனில் சொல்லலாம் என்று நான்கு தரம் ஆரம்பித்தேன், நான்கு தரமும் மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிட்டாய். தாளில் எழுதினால் உன்னால் நடுவில் வைக்க முடியாது பார்.

போன தடவை லீவில் வந்தபோது என் கம்ப்யூட்டரில் என்ன செய்துவிட்டுப் போனாய், யோசித்துப் பார். உனக்கு ஞாபகம் இருக்காது, உனக்கு அது இரண்டு நிமிஷ வேலை. எனக்குப் பதிப்பகத்திலிருந்து தினமும் மெயிலில் பக்கங்கள் வருகின்றன, நான் மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்தித் திருப்பி அனுப்புகிறேன், இது உனக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு தடவை இணைப்பைத் திறக்கும்போதும் மஞ்சள் முக்கோணம் போட்ட ஒரு கட்டம் வரும், இந்தக் கோப்பினால் கேடு வரலாம், அனுப்பியவரைத் தெரியுமா, திறக்கலாமா என்று கேட்கும். நான் உன்னைக் கூப்பிட்டு, ஆமாம்னு அழுத்தட்டுமா என்று கேட்பேன். அது உனக்குத் தொந்தரவாகப் போயிற்று. நான் துணி காயப்போட மாடிக்குப் போன நேரம் பார்த்து அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டாய். எழுந்து வந்து, இனிமே அது உன்னை எதுவும் கேக்காதும்மா, நிம்மதியா இரு என்றாய். நானும் ஒரு மடச்சி, பிள்ளை வந்து சரிசெய்து கொடுத்துவிட்டான் என்று பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். கேள்வி கேட்கவில்லை என்றால் ஆபத்து இல்லை என்றுதானே எவளும் நினைப்பாள்?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பதிப்பக மேலாளர் பெயரில் ஒரு மெயில் வந்தது. திருத்திய பக்கங்கள், அவசரம், இணைப்பைப் பார்க்கவும் என்று மட்டும் இருந்தது. அந்த மனிதர் எப்போதும் அவசரம்தான், அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை, தட்டினேன். திரை ஒரு கணம் கறுத்தது, பழையபடி ஆயிற்று, பக்கம் ஒன்றும் வரவில்லை. சரி, பிறகு அனுப்புவார் என்று பருப்பை அடுப்பில் வைக்கப் போய்விட்டேன். மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை. என் பெயரில், என் முகவரியிலிருந்து, திருத்திய பக்கங்கள் என்ற அதே வரியோடு, அதே இணைப்போடு என் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் மெயில் போயிருக்கிறது. எழுத்தாளர்களுக்குப் போயிருக்கிறது, அச்சகத்துக்குப் போயிருக்கிறது, அப்பாவின் மூட்டு வைத்தியருக்குப் போயிருக்கிறது. பிழை பிடிக்கிறவளே பிழையை ஊருக்கெல்லாம் அனுப்பினாள் என்று பதிப்பகத்தில் பக்கம் வடிவமைக்கிற அறையில் ஒரே சிரிப்பாம். இப்போது எனக்கு மெயிலில் வேலை தருவதில்லை. இரண்டு பஸ் மாறிப் போய்த் தாள்கட்டை வாங்கி வருகிறேன், நின்றுகொண்டே வருகிறேன். சிரிப்பையும் சகித்துக்கொள்வேன், பஸ்ஸையும் சகித்துக்கொள்வேன். என் வயிறு எரிவது அதற்கெல்லாம் இல்லை.

உன் பெரியம்மாவுக்கும் அந்த மெயில் போயிருக்கிறது. அவளும் நானும் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை என்று உனக்குத் தெரியும், ஏன் என்று நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. அவள் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினாளே, அதற்கு மெய்ப்புப் பார்த்தது நான்தான். அதில் எங்கள் அப்பாவை, உன் தாத்தாவைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. கடைசி நாட்களில் அவருக்கு நினைவு தப்பிப்போய், குளிப்பாட்டிவிட்ட அக்காவையே கெட்ட வார்த்தையில் திட்டினார், ஒருநாள் கன்னத்தில் அறைந்தும்விட்டார், அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு மறுபடி வந்து தலை துவட்டிவிட்டாள். இதையெல்லாம் அப்படியே எழுதியிருந்தாள். எங்கள் தொழிலில், சந்தேகம் என்றால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எழுதியவரிடம் கேட்க வேண்டும், நாமாக ஒரு சொல்லையும் அடிக்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவதே அதைத்தான். அப்படிப்பட்ட நான், அப்பாவின் மானம் போகிறதே என்று, அவளைக் கேட்காமல் அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். அச்சான புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி என்றாள். நல்லதுக்குத்தானேக்கா பண்ணேன் என்றேன். அன்றைக்கு நின்ற பேச்சு.

ஆறு வருஷம் கழித்து அந்த மெயில் போன மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். நீ அனுப்பினது வந்துது, திறந்து திறந்து பாக்கறேன், ஒண்ணும் வரமாட்டேங்குது, அந்தப் பத்தியைச் சேத்துத் திருத்தி அனுப்பியிருக்கியா என்று கேட்டாள். புத்தகத்தின் மறுபதிப்பு வரப்போகிறதாம், அது எனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறாள். தங்கைக்கு இப்போதாவது மனசு வந்ததே என்று நினைத்திருக்கிறாள், அவள் சொல்லவில்லை, குரலில் தெரிந்தது. நான் என்ன சொல்லட்டும், நீயே சொல். அனுப்பினது நான் இல்லக்கா, அது வைரஸ் என்றேன். அதானே பாத்தேன் என்று வைத்துவிட்டாள். அவள் திறந்து திறந்து பார்த்ததில் அவள் கம்ப்யூட்டரும் போய்விட்டது. ரிப்பேர் செய்தவர் எல்லாவற்றையும் துடைத்துத்தான் கொடுத்தாராம். மறுபதிப்புக்காக அவள் வைத்திருந்த முழுப் புத்தகமும், அந்தப் பத்தியும், அதோடு போயிற்று. அச்சான புத்தகம் எத்தனை பிரதி வேண்டுமானாலும் கிடைக்கும், அந்தப் பத்தி எதிலும் இல்லை. அதை இல்லாமல் செய்தவள் நான், மிச்சமிருந்ததையும் அழித்தது உன் கை.

இதைச் சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நான் ஆரம்பித்ததுமே, மீட்டிங் என்று வைப்பதற்கு முன் நீ என்ன சொன்னாய்? நல்லதுக்குத்தானேம்மா பண்ணேன். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உன்னைத் திட்ட வாயைத் திறந்தால் அக்கா என்னைத் திட்டியது அப்படியே வருகிறது, ஒரு சொல் மாறாமல் வருகிறது. உன்மேல் வந்த கோபத்தை உன்மேலேயே முழுதாகக் கொட்டக்கூட எனக்கு வழியில்லாமல் செய்துவிட்டாய். அப்பா வேறு, பையனை விடு, அவன் என்ன வேணும்னா பண்ணான் என்று வக்காலத்து. அவருக்கு அன்றைக்கு நான் காப்பி போடவில்லை.

தெருமுனையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிற அம்மாளை வரச் சொன்னேன். சுத்தம் செய்துவிட்டு, எல்லாத்தையும் பழையபடி ஆக்கிடறேன், நீங்க போய் வேலையப் பாருங்க என்றார். இல்லை, நீங்கள் சொல்லுங்கள், நான் செய்கிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கோப்பு வகைகள் என்று ஒரு நீளமான பட்டியல், ஒவ்வொன்றிலும் திறக்கும் முன் கேட்கவும் என்று ஒரு கட்டம், எல்லாவற்றிலும் டிக்கை எடுத்திருக்கிறாய். ஒன்றுவிடாமல் நானே திரும்பப் போட்டேன். வைரஸ் பார்க்கிற மென்பொருளில் மெயிலைச் சோதிப்பதையும் நிறுத்தி வைத்திருந்தாயாமே, கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்றா? ஓடி எங்கே போகப்போகிறேன் நான்? கடைக்கார அம்மாள் தன் போனிலிருந்து வெறும் கோப்பு ஒன்றை எனக்கு அனுப்பினார். மஞ்சள் முக்கோணம் வந்தது, திறக்கலாமா என்று கேட்டது. உங்க பையன் கெட்டிக்காரர், ஒண்ணு விடாம எடுத்திருக்கார் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு பரண்மேல் ஏறினேன். ஏறக் கூடாது என்று வைத்தியர் சொன்னதை நீ ஞாபகப்படுத்தாதே. பழைய மெய்ப்புக் கட்டுகளை நான் தூக்கிப்போடுவதில்லை, அப்பா எத்தனை முறை சண்டை பிடித்திருக்கிறார். ஆறாவது கட்டில் அக்கா புத்தகம் இருந்தது. அந்தப் பக்கத்தை எடுத்தேன், சிவப்பு மையில் நான் அடித்த கோடுகளுக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தும் படிக்கிற மாதிரி இருக்கிறது. நேற்றுக் காலை அதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தாளை வாங்கி வாசலிலேயே நின்று கடைசிவரை படித்தாள். அடிக்கறதைக்கூட ஸ்கேல் வெச்சு நேரா அடிச்சிருக்க என்றாள். நான் செஞ்சது தப்புக்கா, உன்னைக் கேட்டிருக்கணும், என்னை மன்னிச்சிடு என்றேன். இந்த வயதில் அந்த வார்த்தை வாயிலிருந்து வர எனக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. அவள் தாளை மடிக்காமல் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் நின்றேன். பிறகு திரும்பி வந்துவிட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பெரியம்மாவைக் கூப்பிட்டு, நீ செய்ததை நீயே சொல். நல்லதுக்குச் செய்தேன் என்ற வார்த்தை உன் வாயில் வரக் கூடாது. எடுக்காவிட்டால் மறுநாளும் கூப்பிடு, மீட்டிங் இல்லாத நேரம் உனக்கு ஒன்றாவது இருக்கும். உன் கம்ப்யூட்டரிலும் அந்த டிக்குகளை எடுத்து வைத்திருப்பாய், முதலில் போய்ப் பார். அடுத்த தடவை வரும்போது என் மேஜைமேல் இருக்கிற எதையாவது தொட வேண்டும் என்றால் என்னைக் கேட்டுவிட்டுத் தொடு. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், வேலையில் நல்ல பெயர் எடுக்க வேண்டும், எவ்வளவு கோபம் இருந்தாலும் அதில் மட்டும் எனக்கு மாற்றம் இல்லை. பெரியம்மா என்ன சொன்னாள் என்று நீ கேட்பாய். இதை எழுதி முடிக்கும்வரை போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், அவள் இன்னும் கூப்பிடவில்லை.

கோபம் ஆறாத,
உன் அம்மா