என் முழங்கை விழுந்த படம்

பெட்ரோல் போட இன்று காலை ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன். மழைக்கோட்டுக்கு அடியில் ஜிம் கையுறை ஒரு ஜோடி கிடந்தது. உன்னுடையது இல்லை, நீ கையுறையே போட்டவன் அல்ல. என்னுடையதுதான். எட்டு மாதத்துக்கு முந்தைய வியர்வை ஊறிக் காய்ந்து செத்த எலியாக நாறியது. பங்க்கில் நின்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கையுறையைக் கடைசியாக நான் மாட்டியது உன் உடலை மலைக்குத் தூக்கிய அன்று. மூங்கில் உள்ளங்கையைக் கிழித்துவிடுமோ என்று மாட்டினேன். சொல்லவே அசிங்கமாக இருக்கிறது.

நான் கள்ளக்குறிச்சியில் செருப்புக் கடை பாய், நீ கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து கிரில் பட்டறை போட்ட வெல்டர். ஐந்து வருஷம் ஒரே ஜிம்மில் ஒரே நேரம். நான் திங்கள் மார்பு, செவ்வாய் கை என்று இரும்போடு கிடப்பேன். காலுக்கான நாள் வந்தால் கடையில் சரக்கு இறங்குகிறது என்று சாக்குச் சொல்வேன். கண்ணாடியில் தெரியாத இடத்துக்கு நான் எதற்கு உழைக்க வேண்டும்? நீயும் வாரத்தில் நாலு நாள் எடை தூக்கினாய். அதற்கு மேல் தினமும், ஞாயிற்றுக்கிழமைகூட, தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி ஏறுவது.

அந்தக் கம்பியே நீ பட்டறையிலிருந்து குழாய் கொண்டுவந்து பற்றவைத்துக் கொடுத்ததுதான். நாங்கள் அதில் ஈரத் துண்டு காயப்போட்டோம். என் பனியனும் தொங்கும். நீ அவற்றை எடுத்து, மடித்து, பெஞ்சில் வைத்துவிட்டு ஏறுவாய். முடித்ததும் திரும்பக் கம்பியிலேயே போட்டுவிடுவாய். ஒருநாள் மட்டும் என்னிடம் வந்து சொன்னாய்.

"பாய், இரும்பத் தூக்குற, சரி. ஒன் ஒடம்ப நீ தூக்குறதே இல்லையே. தெனம் நாப்பது தண்டால் போடு. ஜாஸ்தி வேணாம்."

அதெல்லாம் ஜிம்முக்குக் காசு கட்ட முடியாதவர்கள் செய்வது என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். உனக்குக் கோபமே வராது, அது இப்போது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

மூங்கில்துறைப்பட்டு ரோட்டில், பனி மூடிய விடியற்காலையில், பின்விளக்கு இல்லாமல் நின்ற கரும்பு டிராக்டரில் உன் பைக் மோதியது. ஆஸ்பத்திரி வாசலில் உன் உடலுக்காகக் காத்திருந்தபோது ஜிம் முதலாளி போன் செய்தார். உனக்கு அஞ்சலி பிளெக்ஸ் அடிப்பதாகவும், அஞ்சலி செலுத்துபவனாகக் கீழே போட என் போட்டோ ஒன்று வேண்டும் என்றும் சொன்னார். நான் மூன்று படம் மாற்றி மாற்றி அனுப்பினேன். முதல் படத்தில் கை சின்னதாகத் தெரிந்தது. நீ உள்ளே கிடந்தாய், நான் வாசலில் நின்று கை பெரிதாகத் தெரியும் படம் தேடிக்கொண்டிருந்தேன்.

வேன் தார் ரோடு முடியும் இடம் வரைதான் போயிற்று. அதற்கு மேல் உன் ஊருக்கு ஏற்றம். மூங்கிலில் டோலி கட்டினார்கள். உன் ஊர் வழக்கத்தில் வழியில் கீழே வைக்கக் கூடாது, தோள் மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஜனாஸாவுக்கு, இறந்தவரின் பாடைக்கு, தோள் கொடுப்பது நன்மை என்று கேட்டு வளர்ந்தவன் நான். முன்னால் போய் நின்று, கையுறையை மாட்டிக்கொண்டு தூக்கினேன். இரண்டாவது திருப்பத்தில் மூச்சு முட்டியது. தோள் கேட்டிருக்கலாம், எல்லோரும் என் கையைப் பார்க்கிறார்கள் என்று கேட்கவில்லை. தொடை நடுங்கி முழங்கால் மடிந்தது. உன் கால்பக்கம் தரையில் இடித்தது.

குச்சியாக இருந்த உன் சித்தப்பா ஓடிவந்து மூங்கிலை வாங்கிக்கொண்டார், மேலே போய்ச் சேரும் வரை அவர் மாற்றவே இல்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. பின்னால் வந்த உன் அம்மாதான் என் முதுகைத் தடவினார்.

"வுடு தம்பி, உனுக்குப் பழக்கம் இல்ல. அவன் படம் ஒன்னு இருந்தா மட்டும் குடு. வூட்ல ஒன்னுகூட இல்ல."

சரிம்மா என்றேன். இறங்கி வந்தால் நாலுமுனைச் சந்திப்பில் பிளெக்ஸ் நிற்கிறது. மேலே ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, முகம் கலங்கிப்போய் நீ. கீழே கையை மடக்கி முறுக்கிக்கொண்டு நான். உன்னைவிட நான்தான் தெளிவாக இருந்தேன். அன்றே அவிழ்த்துக் கொண்டுவந்துவிட்டேன். முதலாளிக்கு வருத்தம், பத்து நாளாவது நின்றிருக்க வேண்டுமாம்.

அந்த பிளெக்ஸை, உன் பாதியை வெட்டி எடுத்து வைத்துவிட்டு, மொட்டைமாடியில் விரித்துத்தான் தினமும் தண்டால் போடுகிறேன். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் என் மூஞ்சி எனக்கு நேராக வருகிறது. முதல் நாள் ஒன்பதோடு விழுந்தேன். எடை தூக்குவதை விடவில்லை, ஆனால் கால் நாளைத் தள்ளிப்போடுவதில்லை. கம்பியில் இப்போது யாரும் துண்டு போடுவதில்லை, போட்டால் சண்டை பிடிக்கிறேன். நாற்பது வந்ததும் படத்தோடு உன் அம்மாவைப் பார்க்கப் போவது என்று நினைத்திருந்தேன். போன வாரம் நாற்பது வந்தது. அதற்குப் பிறகுதான் படமே தேடினேன்.

போனில் ஆயிரம் படம், எல்லாம் கண்ணாடி முன்னால் நான். நீ பின்னால் கம்பியில் தொங்குகிறாய். எதிலும் முகம் இல்லை, என் கை மறைக்கிறது. ஒன்றே ஒன்றில் மட்டும் உன் முகம் முழுதாகத் தெரிகிறது, சிரித்தபடி, கம்பிக்கு மேல் தாடை. பக்கத்துப் பெஞ்சில் என் துண்டு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

என்னை வெட்டிவிட்டுப் பிரிண்ட் போடச் சொன்னேன். என் முழங்கை மட்டும் உன் தோள்மேல் விழுந்திருக்கிறது. அதை எடுத்தால் உன் தோளும் போய்விடும் என்றார் ஸ்டுடியோக்காரர். கையுறையை பங்க் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறுகிறேன். அந்த முழங்கை யாருடையது என்று உன் அம்மா கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும்.